எட்டாம் மாதம் என்று சொன்னேன்

எங்கள் மலையில் ஒரு பெண்ணின் மாதக் கணக்கை அவள் தனியாக வைத்துக்கொள்ள முடியாது. ஊரே வைத்திருக்கும். தூரமானால் ஊருக்கு வெளியே இருக்கும் தீட்டுக் குடிசைக்குப் போய் மூன்று நாள் இருக்க வேண்டும். சோற்றை வேலிக்கு அந்தப் பக்கம் வைத்துவிட்டுப் போவார்கள். நான்காம் நாள் ஓடையில் தலை முழுகி, துணி துவைத்துக்கொண்டு ஊருக்குள் வர வேண்டும். யார் எப்போது போனாள், யார் போகவில்லை என்பது தண்ணீர் எடுக்க வருகிற எல்லாப் பெண்களுக்கும் தெரியும். கல்யாணமானவள் ஒரு மாதம் போகவில்லை என்றால் சிரிப்பார்கள். கல்யாணமாகாதவள் போகவில்லை என்றால் ஊர் கூடும்.

நான் கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு முறை அந்தக் குடிசையில் சும்மா போய் உட்கார்ந்தேன். தை மாதம் ஒரு முறை, மாசி பிறந்ததும் ஒரு முறை. சுத்தமான துணியை ஓடையில் நனைத்துக் கல்லில் அடித்துத் துவைத்தேன், பார்ப்பவர்கள் பார்க்கட்டும் என்று. சாமிக்குப் பயந்தேனா என்றால் இல்லை. ஊருக்குத்தான் பயந்தேன்.

என் அப்பன் வீடு பெரக்கரை நாட்டில். அப்பனுடன் பிறந்த அத்தையை எடப்புளி நாட்டில் கொடுத்திருந்தார்கள். அந்த அத்தை மகனுக்கே என்னைக் கட்டுவது என்று முடிவாகியிருந்தது. தை மாதம் கல்யாணம் என்று பேசினார்கள். மார்கழியில் அவர்களுடைய பங்காளி வீட்டில் ஒரு சாவு விழுந்து, மாசி நடுவுக்குத் தள்ளிப்போனது.

அந்த மார்கழியில் அத்தை மகன் மேட்டுக்காட்டில் கேழ்வரகுக்குக் காவல் இருந்தார். பகலில் கிளியும் குரங்கும் இறங்கும். பரண் மேல் உட்கார்ந்து கவண் எறிய வேண்டும். எங்கள் ஊரிலிருந்து ஒரு மேடு ஏறி இறங்கினால் அந்தக் காடு. விறகுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு நான் அங்கே போனேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. வேகவைத்த அவரைக்கொட்டையை மடியில் கட்டிக்கொண்டு என் காலால் நடந்து போனேன்.

முதல் நாள் அவர் பரணிலிருந்து எட்டிப் பார்த்து, "ஏம்புள்ள, யாராச்சும் பாத்தா?" என்றார்.

"பாத்தா பாக்கட்டும். கட்டிக்கப் போறவருதான" என்றேன்.

நான்கு நாள் போனேன். நான்கு நாளும் நானாகத்தான் போனேன்.

எனக்கு இருந்த பயம் சும்மா வந்த பயம் இல்லை. என் மாமனார் அத்தை ஊரில் நியாயம் தீர்க்கிற ஊர்க்கவுண்டர். அதற்கு இரண்டு வருடம் முன்னால், இதே மாதிரி கல்யாணத்துக்கு முன்பே சூலானாள் என்று ஒரு பெண்ணை அவர் ஊர் கூடுகிற மந்தையில் நிறுத்தினார். அவள் கையில் ஒரு கிழிந்த முறத்தைக் கொடுத்து நிற்க வைத்தார்கள். பையன் ஊர்க் காலில் விழுந்தான். ஊர்க் காலில் விழுவது என்றால், மந்தையில் நெடுஞ்சாண்கிடையாகக் கிடக்க வேண்டும், ஊரில் ஒரு ஆள் பாக்கி இல்லாமல் அவன் தலைமாட்டில் வந்து நின்றுவிட்டுப் போகும் வரை. நான் அத்தை வீட்டுக்கு விருந்துக்குப் போயிருந்தேன். மற்றப் பெண்களோடு சேர்ந்து வேடிக்கை பார்த்தேன். அந்தப் பெண் முறத்தை எப்படிப் பிடித்தாள் என்று நடித்துக் காட்டிச் சிரிக்கவும் வைத்தேன்.

கல்யாணம் முடிந்து நான்காம் நாள் அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் நெடுநேரம் காலடி மண்ணைக் குச்சியால் கீறிக்கொண்டிருந்தார்.

"எத்தன நாளு?"

"ரெண்டு மாசம் ஆவப்போவுது."

"இருக்கட்டும். கல்யாணத்துலருந்து எண்ணிக்குவாங்க. ரெண்டு மாசம் முந்திப் பொறந்துருச்சுன்னு சொல்லிக்கலாம். ஊர்ல பொறக்காததா?"

நன்றாகத்தான் இருந்தது யோசனை. ஆனால் அதற்குப் பிள்ளையும் ஒத்துழைக்க வேண்டும். மாதத்துக்கு முன்பே பிறந்த பிள்ளை என்றால் பூனைக்குட்டி அளவில் இருக்க வேண்டும். என் வயிறோ சித்திரையிலேயே முந்தானையைத் தள்ளிக்கொண்டு நின்றது. நான் சாப்பாட்டைக் குறைத்தேன். களியில் பாதியை நாய்க்குப் போட்டேன். பலாப்பழக் காலத்தில், எல்லாரும் வாய் ஒழுகத் தின்றபோது, எனக்கு அந்த வாடை ஆகவில்லை என்று பொய் சொல்லிவிட்டுத் தள்ளி உட்கார்ந்தேன். வயிற்றில் இருந்த பிள்ளையைப் பார்த்து, சின்னதாக இரு, சின்னதாக இரு என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒரு தாய் கேட்கிற வரமா அது? நான் கேட்டேன்.

பிள்ளை என் பேச்சைக் கேட்கவில்லை. வளர்ந்தது.

ஆவணியில் அடிவாரத்து ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்சம்மா மலைக்கு வந்தார். மாதம் ஒரு முறை சந்தை நாளில் வந்து, சந்தைக்குப் பக்கத்துக் கொட்டகையில் உட்கார்ந்து மருந்து கொடுப்பார். கீழ்நாட்டுக்காரர். பேச்சு எங்கள் பேச்சுத்தான். அத்தை என்னை அங்கே கூட்டிக்கொண்டு போனாள். வயிற்றைப் பார்த்து அவளுக்கு இரட்டைப் பிள்ளையோ என்று சந்தேகம்.

நர்சம்மா என்னைப் பாயில் படுக்கவைத்து வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தார். குழல் வைத்துக் கேட்டார். மறுபடியும் பிடித்துப் பார்த்தார்.

"ரெட்டை இல்ல. ஒண்ணுதான். எத்தன மாசம் கண்ணு?"

நான் வாய் திறப்பதற்குள் அத்தை, "ஏழுங்க. மாசியில கண்ணாலம்" என்றாள்.

"உங்களக் கேக்கலீங்க. நீ சொல்லு சாமி, எத்தன?"

"ஏழுங்க" என்றேன். அது ஒன்பது.

"ஏழுல இந்தப் பருமன் நான் பாத்ததில்ல. ஒண்ணு, கணக்கு தப்பு. இல்லீன்னா பிள்ளை ரொம்பப் பெருசு. ரெண்டுல எதுன்னு நீதான் சொல்லோணும்."

அத்தையைப் பார்த்தேன். அவள் முகத்தில் ஒரு கள்ளமும் இல்லை. குடிசைக்கு நான் போய் வந்ததை அவளே என் அம்மாவிடம் கேட்டு எண்ணி வைத்திருந்தாள். "ஏழுதானுங்க" என்று இன்னொரு முறை சொன்னேன்.

நர்சம்மா அத்தையை உட்காரவைத்து விவரமாகப் பேசினார். என் இடுப்பு சின்னது. பிள்ளை இப்போதே இப்படி இருந்தால் பத்து மாதத்தில் இன்னும் பெருக்கும். ஊரிலேயே பெறலாம். ஆனால் தலை வந்து தோள் மாட்டிக்கொண்டால் மருத்துவச்சி கையில் ஒன்றும் இருக்காது. ஆஸ்பத்திரி என்றால் ஆயுதம் இருக்கிறது, டாக்டர் இருக்கிறார். ஆனால் வலி வந்த பிறகு மலை இறக்குவது பாதி உயிரை எடுத்துவிடும். அதனால் முன்கூட்டியே இறங்கி வந்து காத்திருப்பதுதான் நல்லது.

"இப்பவே கூட்டிட்டு வந்துரட்டுங்களா?" என்று அத்தை கேட்டாள். கேட்டாள் என்பதை எழுதித்தான் ஆக வேண்டும். கேட்டாள்.

"ஏழு மாசம்னா இப்பவே வந்து என்ன பண்றதுங்க? மூணு மாசம் ஆஸ்பத்திரித் திண்டுல உக்காந்திருப்பீங்களா? ஒம்பது பொறந்ததும் கூட்டிட்டு வாங்க. ஒரு நாளும் தள்ளக் கூடாது."

நான் பக்கத்தில் உட்கார்ந்து புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன்.

வீட்டில் மூன்று நாள் இதே பேச்சு. மாமனார் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "நம்ம ஊர்ல எத்தன பெருசு பொறந்திருக்குது. நானே பெருசுதான் பொறந்தேன்னு எங்கம்மா சொல்லும்" என்றார். "உங்களப் பெத்துட்டு உங்கம்மா நாலு மாசம் நடக்கல, அதையும் சொல்லுங்க" என்றாள் அத்தை. என் அப்பன் வீட்டுக்கு அனுப்பலாமா என்று பேசினார்கள். அங்கே நல்ல மருத்துவச்சி இருந்தாள், ஆனால் அங்கிருந்து மலை இறங்க இன்னும் தூரம். கடைசியில் மாமனாரே முடிவு சொன்னார். "அந்தம்மா சொன்னாப்பல செய்வோம். ஐப்பசி ஒண்ணாந் தேதி எறக்கிரலாம். டோலி தூக்க எட்டு ஆளுக்குச் சொல்லி வெக்கிறேன்."

ஐப்பசியில்தான் அவர்கள் கணக்குக்கு ஒன்பது பிறக்கும். அதற்கு முன் புரட்டாசி, எட்டாம் மாதம். எட்டாம் மாதத்தில் சூலியை ஊர் எல்லைக் கல்லைத் தாண்டிக் கூட்டிப்போகக் கூடாது என்பது எங்கள் மலையில் பெரிய கட்டு. தாண்டினால் பிள்ளையும் போகும், தூக்கினவன் வீட்டிலும் ஒன்று போகும் என்பார்கள். அவர்கள் என் உயிருக்காக எல்லாம் சரியாகத்தான் செய்தார்கள். கையில் இருந்த எண்தான் பொய். அதைக் கொடுத்தவள் நான்.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன், "ஐப்பசி வரைக்கும் தாங்காதுங்க."

"அப்பாகிட்ட நான் எப்படிச் சொல்றது?"

"பின்ன நானா சொல்றது?"

அவர் எழுந்து போய்விட்டார். நான் அவரைத் திட்டினேன். அவர் சொல்லட்டும் என்று நானும், நான் சொல்லட்டும் என்று அவரும், அந்த ஆவணி முழுவதையும் புரட்டாசி முழுவதையும் ஓட்டினோம்.

ஐப்பசிக்கு நான்கு நாள் இருக்கும்போது காலையில் சாமை குத்திக்கொண்டிருந்தேன். இடுப்பிலிருந்து வலி சுற்றிக்கொண்டு வந்தது. உலக்கையைப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன்.

பேறுகாலமும் அந்தத் தீட்டுக் குடிசையில்தான். என்னை அங்கே கொண்டுபோய் விட்டார்கள். மருத்துவச்சி வந்து பார்த்தாள். எங்கள் ஊரில் பாதிப் பேரைக் கையில் வாங்கினவள். "எட்டுல வலியாவது, கிலியாவது. இது சூட்டு வலி" என்று சொல்லி, சீரகத்தைக் கருக்கிக் கஷாயம் கொடுத்தாள். வயிற்றில் விளக்கெண்ணெய் தடவினாள். மதியத்துக்கு மேல் நீர்க்குடம் உடைந்தது. அப்போது அவள் முகம் மாறியது, ஆனால் வேறு பக்கமாக மாறியது.

வெளியே போய் அத்தையிடம் தணிந்த குரலில் சொன்னது எனக்குக் கேட்டது. "ஏழுல பொறந்தாலும் தங்கும். எட்டுப் பிள்ளை தங்காது. நீ மனசத் தேத்திக்க. பெரிய உசுரக் காப்பாத்திக்குவோம். சின்னதுதான, அதுவா நழுவி வந்துரும்."

அவர்கள் ஏன் அவசரப்படவில்லை என்று புரிகிறதா? அவர்கள் கணக்குப்படி அது சாகப்போகிற சின்னப் பிள்ளை. காத்திருந்தால் போதும். என் கணக்குப்படி அது பத்து மாதமும் நிரம்பி, நாளும் தாண்டிய பெரிய பிள்ளை. காத்திருந்தால் இரண்டு பேரும் சாவோம். இந்த இரண்டு கணக்குக்கும் நடுவில் என் வாய் ஒன்றுதான் இருந்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன்.

அந்த ராத்திரி போயிற்று. மறுநாள் விடிந்தது. வலி குறையவில்லை, பிள்ளையும் இறங்கவில்லை. மருத்துவச்சி கையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு உள்ளே விட்டுப் பார்த்தாள். கையை எடுத்துவிட்டு என் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"கண்ணு, இது எட்டு மாசத் தலையா?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"உங்கிட்டத்தான் கேக்கறேன். நான் ஊருக்குச் சொல்ல மாட்டேன். கணக்கச் சொல்லு."

"எட்டுதான் ஆயா" என்றேன்.

இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. பரணுக்குப் போனது வயசுக் கோளாறு. குடிசையில் உட்கார்ந்தது பயம். இங்கே ஒரு கிழவி என் வாய்க்குப் பக்கத்தில் காதைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டு, ஊருக்குச் சொல்ல மாட்டேன் என்கிறாள். அப்போதும் எட்டு என்றேன். அதற்குப் பிறகு இன்னும் அரைப் பகல் போயிற்று.

வெயில் உச்சிக்கு வந்தபோது பிள்ளையின் அசைவு குறைந்துவிட்டது. ஆண்கள் வேலிக்கு அந்தப் பக்கம் கூடியிருந்தார்கள். குடிசைக்குள் அவர்கள் வரக் கூடாது. மாமனார் குரல் கேட்டது. "கழியெல்லாம் கட்டியாச்சு. ஆனா எட்டாம் மாசம். எல்லைய எப்படித் தாண்டறது? நாளைக்கு யாரு ஊட்டுல எது நடந்தாலும் என்னையத்தான் கேப்பாங்க." இன்னொருவர், "விட்டுப் புடிக்கலாமுங்க மாமா. இன்னைக்குப் பொழுது பாப்போம்" என்றார். என் வீட்டுக்காரர் குரல் கேட்கும் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை.

அடுத்த வலி வந்தபோது அந்த வலியோடு சேர்ந்து வாய் திறந்துவிட்டது. வேலிக்கு அந்தப் பக்கம் கேட்கும்படி கத்தினேன். "எட்டு இல்லீங்க மாமா. பத்தாச்சு. பத்தும் தாண்டிருச்சு. தூக்குங்க."

வெளியே யாரோ கழியைக் கீழே போட்டார்கள். பிறகு மாமனார் மெதுவாகக் கேட்டார். "மாசியில கண்ணாலம். எந்தக் கணக்குல பத்து?"

அத்தை என் காலடியில் நின்றுகொண்டிருந்தாள். அவள் என்னைப் பார்த்த பார்வை. அந்தப் பெண் முறத்தோடு நின்றது எனக்கு ஞாபகம் வந்தது.

"உங்க மவனக் கேளுங்க" என்றேன். "நான் வெறகுக்குப் போனேன். பரணுக்கு இழுத்துட்டுப் போனாரு. நான் வேண்டாம் வேண்டாம்னேன்."

இதை யாரும் என்னிடம் கேட்கவில்லை. டோலியைத் தூக்க, பத்து என்ற ஒரு வார்த்தை போதும். மிச்சத்தை நான் எனக்காகச் சொன்னேன்.

"நெசமாடா?" என்றார் மாமனார்.

என் வீட்டுக்காரர், "ஆமாங்கப்பா" என்றார்.

அவ்வளவுதான். ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. மாமனார் காறித் துப்பிய சத்தம் கேட்டது. "தூக்குங்க. தீட்டெல்லாம் கீழ ஆத்துல முழுவிக்கலாம்" என்றார்.

நீளமான மூங்கில் கழியில் கம்பளியைத் தொட்டில் போலக் கட்டி என்னை அதில் போட்டார்கள். முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர், மாற்றுவதற்கு நான்கு பேர். அத்தை கூடவே நடந்தாள். என்னோடு பேசவில்லை. மழை பெய்து பாறையெல்லாம் வழுக்கியது. கால் வைத்த இடமெல்லாம் அட்டை. ஒவ்வொரு படி இறங்கும்போதும் என் முதுகு பாறையில் இடித்தது. ஆட்கள் மூச்சு வாங்கும்போது பேச்சும் வந்தது. மலையில் பாரம் தூக்கும்போது யாரும் சும்மா வர மாட்டார்கள்.

"ஏனுங்க, இது பிள்ளையா, பலாக்காயா? தோளு எறங்கிப் போச்சு."

"கேப்பையத் திங்க வந்த கிளிய முடுக்கட்டும்னு காவலுக்கு வெச்சா, இவன் கிளியப் புடிச்சிருக்கான்."

"புடிச்சதும் புடிச்சான், பெருங்கிளியாப் புடிச்சிருக்கான். மாப்ளே, தோளு மாத்தட்டா?"

"வேண்டாம்" என்றார் என் வீட்டுக்காரர். முன் கழி அவர் தோளில் இருந்தது. அடிவாரம் வரைக்கும் அவர் மாற்றவே இல்லை. கம்பளிக்குள்ளிருந்து அவர் முதுகு எனக்குத் தெரிந்தது. கழி தேய்த்து, தோளில் ரத்தம் கசிந்து சட்டையில்லாத முதுகில் இறங்கியது. அவரைப் பார்க்காமல் இருக்க நான் கம்பளியை முகத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

பொழுது சாயும்போது ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். அந்த நர்சம்மா வாசலுக்கு வந்தார். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது.

"எப்ப வலி வந்துச்சு?"

"நேத்துக் காலைல" என்றாள் அத்தை.

"நேத்துக் காலைலயா. இவ்வளவு நேரம் என்ன பண்ணுனீங்க?"

அத்தை கம்பளியை என் காலுக்கு மேல் இழுத்துவிட்டாள். அவள் நினைத்திருந்தால் என்னைக் காட்டியிருக்கலாம்.

டாக்டர் வந்தார். வயிற்றை அறுக்கிற நேரம் தாண்டிவிட்டது, தலை இறங்கி மாட்டியிருக்கிறது என்று நர்சம்மாவிடம் சொன்னார். இரண்டு பெரிய இரும்புக் கரண்டி மாதிரி ஒன்றை வைத்துத் தலையை இழுத்தார்கள். தலை வந்தது. தோள் வரவில்லை. என் கால் இரண்டையும் வயிற்றோடு மடக்கிப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர் அமுக்கினார்கள். நர்சம்மா உள்ளே கையை விட்டு ஏதோ செய்தார். ஒரு சின்ன சத்தம், பச்சைக் குச்சி ஒடிகிற மாதிரி. பிறகு பிள்ளை வந்தது. நீலமாக இருந்தது. முதுகில் தட்டினார்கள், தண்ணீர் தெளித்தார்கள். ரொம்ப நேரம் கழித்து அழுதது.

பெண். தராசில் போட்டார்கள். பத்தரை ராத்தல். அந்த ஆஸ்பத்திரியில் அவர்கள் எடுத்ததிலேயே அதுதான் பெரிது என்று ஆயாக்கள் வந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். வலது கையை முகத்துக்குக் கொண்டுபோய்ச் சப்பியது. இடது கை பக்கத்தில் கிடந்தது. எடுத்து விட்டால் விழுந்தது.

மூன்றாம் நாள் நர்சம்மா என் கட்டிலில் உட்கார்ந்தார். தோளில் ஒடிந்த எலும்பு கூடிவிடும், நரம்பு இழுபட்டதுதான் சந்தேகம் என்றார். "உசுரக் காப்பாத்தணும்னா அந்தத் தோள இழுத்துத்தான் ஆவோணும். நேரம் இல்ல. முந்தியே வந்திருந்தா வேற வழி பாத்திருப்போம்." பிறகு, "அன்னைக்குக் கொட்டகையில உன்னையக் கேட்டேன் சாமி" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

தீட்டு கழிந்து ஊருக்குப் போன பிறகு மந்தையில் ஊர் கூடியது. மாமனார் கல்லின்மேல் உட்கார்ந்திருந்தார். தன் மகன் என்று ஒரு குறையும் வைக்கவில்லை. என்னைப் பார்த்து, "பொண்ணு மேல தப்பில்ல. பலவந்தம். அவள மொறம் புடிக்கச் சொல்ல வேண்டியதில்ல" என்றார். என் வீட்டுக்காரர் மேல்துண்டைக் கழற்றி வைத்துவிட்டு மண்ணில் விழுந்தார். ஊர் முழுவதும் ஒவ்வொருவராக அவர் தலைமாட்டில் போய் நின்றது. சிலர் சும்மா நின்றார்கள். சிலர் மண்ணை எத்தினார்கள். இடையில் தூறல் விழுந்தது. யாரும் அவரை எழுப்பவில்லை. நான் பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு பெண்கள் பக்கம் நின்றேன். ஒருத்தி என் தோளைத் தடவி, "பாவம் நீ" என்றாள். சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை நினைத்தேன். இரண்டு முறையும் பிள்ளைக்கு முந்தானையைச் சரிசெய்தேன்.

அதற்குப் பிறகு அவரோடு பிள்ளை குட்டி என்று குடும்பம் நடத்தினேன். ஒரு நாள்கூட அவர் அதைப் பற்றிக் கேட்கவில்லை. அது எனக்கு ஆத்திரமாக வரும். கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன், அழுதிருப்பேன், ஏதாவது ஆகியிருக்கும். ஒரு முறை நானே மிளகு பறிக்கும்போது, "அன்னைக்கு நான் அப்படிச் சொல்லீருக்கக் கூடாதுங்க" என்றேன். அவர் ஏணியிலிருந்து இறங்காமலே, "அதச் சொல்லலீன்னா டோலியத் தூக்கீருக்க மாட்டாங்க" என்றார். தூக்கியிருப்பார்கள். அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எனக்காக அவர் சொன்ன பொய் அது. நானும் அதை வாங்கிக்கொண்டேன்.

மகள் வளர்ந்தாள். ஒற்றைக் கையால் களி கிண்டுவாள், ஒற்றைக் கையால் மாட்டைப் பிடிப்பாள். பத்து வயதிருக்கும்போது யாரோ அவளிடம் சொல்லிவிட்டார்கள், உன் அப்பன் அவசரப்பட்டான், அதை மறைக்கப் போய் உன் கை போயிற்று என்று. அவள் என்னிடம் வந்து கேட்டாள். "அப்பன் உன்னைய இழுத்துட்டுப் போனது நெசமா?"

"போய் வேலையப் பாரு" என்றேன்.

அதை அவள் ஆமாம் என்று எடுத்துக்கொண்டாள். அப்படித்தானே எடுத்துக்கொள்வாள்? அன்றிலிருந்து அப்பனோடு பேசுவதை விட்டாள். அவர் காட்டிலிருந்து வந்தால் தம்பியிடம் சொம்பைக் கொடுத்து அனுப்புவாள். அவர் உட்கார்ந்த இடத்தில் உட்கார மாட்டாள். அவளைப் பெண் கேட்டு வந்தவர்கள் கையைப் பார்த்துவிட்டுத் திரும்பிய ஒவ்வொரு முறையும் அவரை ஒரு பார்வை பார்ப்பாள். அவர் எழுந்து மாட்டுப்பட்டிக்குப் போய்விடுவார். இப்படி ஆறு வருடம்.

மூன்றாவதாக வந்தவர்களும் திரும்பிப் போன நாள், அவள் முதல் முறையாக அவரிடம் நேராகப் பேசினாள். "நீ செத்தாலும் நான் அழுவ மாட்டேன்" என்றாள். அவர் தலையை ஆட்டினார். சரி கண்ணு என்பது மாதிரி ஆட்டினார்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அவளை இழுத்துக்கொண்டு ஓடைப் பக்கம் போனேன். அவரைக் கட்டுவதற்கு முன்பே, என் காலால் நடந்து பரணுக்குப் போனதைச் சொன்னேன். அவரைக்கொட்டையைச் சொன்னேன். குடிசையில் சும்மா உட்கார்ந்ததைச் சொன்னேன். நர்சம்மா கேட்டதையும், மருத்துவச்சி காதுக்குப் பக்கத்தில் வந்து கேட்டதையும், எட்டு எட்டு என்று நான் சொன்னதையும் சொன்னேன். வேலிக்கு அந்தப் பக்கம் கத்தினதையும் விடவில்லை.

அவள் ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் கேட்டாள். முடித்ததும், "என்னையச் சின்னதாப் பொறக்கச் சொல்லி வேண்டிக்கிட்டியா?" என்றாள். அத்தனையிலும் அவளுக்கு அதுதான் பட்டிருக்கிறது.

"ஆமா" என்றேன்.

எழுந்து போனாள். அன்று அப்பனுக்குச் சோறு அவள்தான் போட்டாள். அவர் தட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். சொல்லிவிட்டேன் என்று தெரிந்துகொண்டார். சாப்பிட முடியாமல் கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "தின்னுங்கப்பா, ஆறுது" என்றாள் அவள்.

என்னோடு இன்றைக்கும் அவள் கேட்டதற்கு மட்டும்தான் பதில் சொல்கிறாள். ஊருக்கு நான் இன்னும் சொல்லவில்லை. இதை எழுதி முடித்ததும், மந்தையில் எல்லாருக்கும் கேட்கப் படிக்கட்டும் என்று ஊரிடம் கொடுக்கப்போகிறேன். முறம் கொடுத்தால் பிடித்துக்கொள்வேன்.